ஒரே வருஷத்தில் இரண்டு ஜனவரி

அவள் செய்த ஒரே தப்பு 1909-ஆம் வருஷம் பிறந்ததுதான். அந்த வருஷம் பிறந்தவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. ஒருவன் கடலை நீந்திக் கடந்தான். ஒருத்தி பாடினால் அரங்கத்துக்கு வெளியே தெருவிலும் கூட்டம் நின்று கேட்டது. ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேரோடு சதுரங்கம் ஆடி ஜெயித்தான். இன்னொருவன் கணக்கில் எதையோ கண்டுபிடித்தான். என்ன கண்டுபிடித்தான் என்று செய்தித்தாளுக்கும் புரியவில்லை போலிருக்கிறது, அவன் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் படிப்பதற்காக வாங்கும் செய்தித்தாளை முதலில் அவர்தான் படிப்பார். யாருக்காவது வயது போட்டிருந்தால் உடனே மனக்கணக்காக வருஷத்தைக் கழித்துப் பார்ப்பார். 1909 என்று வந்துவிட்டால் போதும், முடி வெட்டும் கத்தரிக்கோலாலேயே செய்தியை வெட்டி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார். பிறகு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"இங்க வந்து பாரு. உன் வருஷத்து ஆளு கடலையே தாண்டிட்டான். நீ என்னன்னா கூட்டிப் போட்ட முடிய வாசலத் தாண்டிக் கொட்டறதுக்கு அழுவுற."

கடலைத் தாண்டியவனாவது எங்கோ தூர தேசத்துக்காரன். உள்ளூரிலேயே ஒருவன் இருந்தான், அவன்தான் அவளுக்குப் பெரிய தலைவலி. மணிக்கூண்டுத் தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன். அதே வருஷம் மட்டுமா, அதே நாள், அதே ஆஸ்பத்திரி, பக்கத்துக் கட்டில். பத்தொன்பது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான். இருபத்தைந்தில் தனி ஆளாகக் கடலுக்கு மேலே பறந்து அடுத்த கண்டத்தில் போய் இறங்கினான். கண்ணாடிக்குப் பக்கத்தில் பாதிச் சுவரை அவனே அடைத்துக்கொண்டான். இருபத்தேழில் மறுபடியும் பறந்தவன் திரும்பி வரவில்லை. ஊரார் சதுக்கத்தில் அவனுக்கு வெண்கலத்தில் சிலை வைத்து, பீடத்தில் பெயரையும் அதன் கீழே 1909 – 1936 என்றும் பொறித்தார்கள்.

அவன் காணாமல் போன செய்தியையும் அப்பா வெட்டி ஒட்டினார். அதற்குப் பிறகு மகளை யாரோடும் ஒப்பிட்டுப் பேசவில்லை. அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அதற்குள் அவள் டிராம் டிப்போவில் வண்டி கழுவிக்கொண்டிருந்தாள். கணவன் டிராமுக்கு மேலே போகும் மின்கம்பியைப் பழுது பார்ப்பவன். ஒரு மழைக்காலத்தில் நிமோனியா வந்து பத்தே நாளில் போய்விட்டான். கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு அவன் மனைவிக்கு ஒரு வாளி, ஒரு நீளத் துடைப்பம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்து வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. வாளி இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் டிப்போவில் எல்லோருக்கும் அவள் வாளியக்கா ஆனாள். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட வாளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

டிப்போவில் மொத்தம் பதினெட்டு வண்டிகள். கழுவும் தண்டவாளம் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. ஓட்டுநர்கள் முன்வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அங்கிருந்து கழுவுமிடத்துக்கு நாற்பது கஜம். முதல் வாரம் அவள் டீக்கடை வாசலில் போய் நின்று கெஞ்சிப் பார்த்தாள். இரண்டாவது வாரம் ஒரு சோம்பேறி ஓட்டுநர் விசைப்பிடியைக் காட்டி, "இத இப்படி ஒவ்வொரு படியா தள்ளு, வண்டி போகும். அதத் திருப்பு, நிக்கும். இதுக்குப் போய் என்னைக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பதினோரு வருஷமாகப் பதினெட்டு வண்டிகளையும் நாற்பது கஜம் முன்னால், நாற்பது கஜம் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தாள். எந்த வண்டிக்குப் பிரேக் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், எந்த வண்டி மூன்றாம் படியில் துள்ளும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அடியில் படுத்துக் கழுவுகிறவளுக்குத் தெரியாமல் வண்டிக்கு ஒரு கீறல்கூட விழ முடியாது.

போர் வந்தது. ஓட்டுநர்களில் பாதிப் பேரைப் பட்டாளத்துக்குக் கூட்டிப் போனார்கள். 1944 ஜனவரிக் கடைசியில் டிப்போ கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். டிராம் ஓட்டப் பெண்களும் விண்ணப்பிக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், கண்பார்வை நன்றாக இருக்க வேண்டும், முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழோடு பிப்ரவரி 29 மாலை ஐந்து மணிக்குள் சூப்பிரண்டிடம் கொடுக்க வேண்டும்.

வாளியக்காவுக்கு அந்த மாதம்தான் முப்பத்தைந்து முடிந்திருந்தது. அறிவிப்பை நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தாள். அவளுக்கு வாழ்க்கையில் ஒன்று வேண்டும் என்று இவ்வளவு வெறியாகத் தோன்றியது அதுதான் முதல் முறை. நாற்பது கஜம் போதும் போதும் என்று ஆகிவிட்டது. கொட்டகை வாசலைத் தாண்டி, திருப்பத்தைத் தாண்டி, பாலத்துக்கு மேலே ஏறி, ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

சூப்பிரண்டு காதில் பென்சில் செருகிக்கொண்டு திரிபவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஆனால் தன் வேலைக்கு இடைஞ்சல் வந்தால் நல்லவராக இருக்க மாட்டார்.

"நீ ஓட்டப் போயிட்டா வண்டிய யாரு கழுவுறது?" என்றார்.

"கழுவுறதுக்கு வயசு வரம்பு இல்ல சார். யாரையாவது போட்டுக்கலாம்."

"சரி, சரி. சான்றிதழ்ல வயசு சரியா இருந்தா பாக்கலாம்."

சான்றிதழில் வயது சரியாக இல்லை. நகர அலுவலகத்திலிருந்து ஒரு வாரம் கழித்து வந்த தாளில் நாளும் மாதமும் சரியாகத்தான் இருந்தன. வருஷம் மட்டும் 1908 என்று இருந்தது. அந்தக் கணக்கில் அவளுக்கு முப்பத்தாறு.

கடையை இப்போது தம்பி நடத்திவந்தான். அவள் பின்கட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த தம்பி, "ஒரு வருஷம்தானேக்கா, விட்டுத் தொலையேன். டிராம் ஓட்டலைன்னா என்ன குடியா முழுகிடும்?" என்றான்.

"ஒம்போதுக்காரி ஒம்போதுக்காரின்னு அப்பா இருபத்தேழு வருஷம் என்னைத் திட்டினாருல்ல? அந்தச் சுவர்ல இருக்கிற ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லித் திட்டினாரு. இப்ப எட்டுன்னு சொன்னா, வாங்கின திட்டையெல்லாம் யாருடா திருப்பி எடுத்துக்குவா?"

தம்பி வாடிக்கையாளரின் முகத்தில் சோப்பு தடவப் போனான். அக்கா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவன் கையிலிருந்து ஒரு பம்பரத்தைப் பிடுங்க அரைநாள் தொங்கியவள் அவள்.

வருஷத்தைத் திருத்தித் தரும்படி கேட்டதற்கு நகர அலுவலகத்தின் பிறப்புப் பதிவாளர் முதல் நாளே முடியாது என்றுவிட்டார். புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதிக் கொடுத்தோம், புத்தகத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் வழக்கம் இல்லை என்றார். வாளியக்கா சண்டை போடவில்லை. வேலை முடிந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தினமும் வந்து பதிவாளர் அறைக்குள் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பூட்ஸிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரையில் ஓடியது. அலுவலகம் மூடும்வரை உட்கார்ந்திருப்பாள். மறுநாள் அதே நேரத்துக்கு வருவாள். பதிவாளர் ஒரு தடவை வழுக்கி மேசையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் வாரம் அவர் பொறுமை போய்விட்டது. பிப்ரவரி 28 மதியம் அலமாரியிலிருந்து துணி அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டார்.

"பாத்துக்கோம்மா. உன் கண்ணாலயே பாத்துக்கோ. அட்டையில என்ன போட்டிருக்கு?"

அட்டையில் 1908 என்றுதான் இருந்தது. உள்ளே ஒவ்வொரு வரியிலும் நாள், மாதம், ஆணா பெண்ணா, தந்தையின் பெயர், தொழில், தெரு. வருஷம் எந்த வரியிலும் இல்லை. அட்டையில் இருப்பதால் உள்ளே எழுதத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்கள். முதல் பக்கம் ஜனவரியில் தொடங்கியது. அவள் விரலை வைத்துக்கொண்டே தாள்களைப் புரட்டினாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர். டிசம்பர் முப்பதாம் தேதி ஒரு தச்சருக்குப் பெண் குழந்தை. அதற்கு அடுத்த வரியில் ஜனவரி இரண்டாம் தேதி ஒரு பள்ளி ஆசிரியருக்கு ஆண் குழந்தை.

அவள் விரல் நின்றது.

"சார், இந்த வருஷத்துல ரெண்டு ஜனவரி இருக்கு."

பதிவாளர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்தார். அந்த இரண்டு வரிகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்தக் காலத்து எழுத்தர் பெரிய சிக்கனக்காரர்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். "வந்த கடித உறையைப் பிரிச்சு உள்பக்கம் எழுதுவாராம். பழைய புத்தகத்துல தாள் மிச்சம் இருந்தா புதுசு எடுத்திருக்க மாட்டார்."

"அப்போ 1909 புத்தகத்தையும் எடுங்க சார்."

அதையும் எடுத்தார். அது பிப்ரவரி பன்னிரண்டில் தொடங்கியது.

"அப்போ 1909 ஜனவரியில இந்த ஊர்ல யாருமே பொறக்கலையா?"

"பொறக்காமலும் இருந்திருக்கலாம்" என்றார் பதிவாளர்.

சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மனிதர் முட்டாளும் இல்லை. பதவி என்ற ஒன்று வந்து சேர்ந்தால் புத்திசாலிகளும் இப்படித்தான் பேசுவார்கள். புத்தகம் தப்பு என்று சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். புத்தகத்தோடு எது ஒத்துப்போகவில்லையோ அதுதான் தப்பு, அப்படித்தான் விதி என்றார்.

வாளியக்காவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் விரல் அந்தப் பக்கத்தை விடவில்லை. அவளுடைய வரியைக் கண்டுபிடித்தாள். பெண், தந்தை முடிதிருத்துபவர். அதற்கு மேல் வரியைப் பார்த்தாள். அதே தேதி, ஆண், தந்தை கடிகாரம் பழுது பார்ப்பவர், மணிக்கூண்டுத் தெரு. பக்கத்துக் கட்டில்காரன். இத்தனை வருஷமாக அவள் உயிரை வாங்கியவன், தாளிலும் பக்கத்திலேயே கிடந்தான்.

"இது யாருன்னு தெரியுதா சார்? சதுக்கத்துல நிக்கிறவரு. அவரு சிலையில என்ன வருஷம் போட்டிருக்கு?"

பதிவாளர் தினமும் அந்தச் சிலையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறார். அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்த நேரத்தில், அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"அப்போ சிலை தப்பு."

"என்னது?"

"சிலையில இருக்கிற வருஷத்தை மாத்தணும். சிலைக்குழுவுக்குக் கடிதம் எழுதணும். நல்லவேளை, நீ சொன்ன."

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். வாளியக்காவும் ஒரு நிமிஷம் அப்படித்தான் எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். தான் ஒருத்தி இந்த அறையில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு புல்லைக்கூட அசைக்க முடியவில்லை. ஆனால் சிலை வைத்தவர்கள் வந்தால் அசையும்.

"எழுதுங்க சார்" என்றாள். "இன்னைக்கே எழுதுங்க. தபாலுக்குக் காத்திருக்க வேணாம், நானே கொண்டு போய்க் குடுக்கிறேன்."

கடிதத்தில் முத்திரை காயும் முன்பே அவள் மணிக்கூண்டுத் தெருவில் இருந்தாள். சிலைக்குழு என்று பெரிதாகப் பெயர் இருந்தாலும் அதன் முகவரி அந்தக் கடிகாரக் கடைதான். கடிகாரக்காரர் போன பிறகு அவர் மனைவியே கடையை நடத்திவந்தார். வாளியக்கா உள்ளே போனபோது அந்த அம்மா ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, இடுக்கியால் ஒரு சின்னஞ்சிறு பல்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கியவர். கை ஆடவில்லை.

"அங்கயே நில்லு. மூச்சு விடாத" என்றார். பல்சக்கரம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரு இவன்? என் பிள்ளை எந்த வருஷம் பொறந்தான்னு எனக்கே சொல்லித் தர்றான்?"

"அவரு சொல்றது பொய்ம்மா. எனக்குத் தெரியும்."

"நீ யாரு?"

"அன்னைக்கு உங்களுக்குப் பக்கத்துக் கட்டில்ல பொறந்தவ. முடிதிருத்துறவரு பொண்ணு."

அந்த அம்மா பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். பூட்ஸ் வரை பார்த்தார்.

"நீயா? ராத்திரி முழுக்க வீல் வீல்னு கத்தி என் பிள்ளையத் தூங்க விடாம பண்ணியே, அந்தப் பீரங்கியா நீ?" என்றார். "உங்க அப்பா என்ன பண்ணாரு தெரியுமா? பிள்ளை பொறந்த அன்னைக்கு இப்படியா தாடியோட நிப்பீங்கன்னு சொல்லி, வார்டு வாசல்ல வச்சே என் வீட்டுக்காரருக்கு ஷேவ் பண்ணி விட்டாரு. நர்ஸ் ரெண்டு பேரையும் வெளிய துரத்திட்டா."

வாளியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவை இப்படி ஒரு இடத்தில் அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. தான் பிறந்த அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்திருக்கிறார் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. டிராம் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். நாளைக்கு ஐந்து மணிதான் கடைசி என்றும் சொன்னாள்.

"அப்போ உனக்காகத்தான் வந்திருக்க, என் பிள்ளைக்காக இல்ல."

"ஆமாம்மா. எனக்காகத்தான்."

"நல்லது. பொய் சொல்லியிருந்தா வெளிய தள்ளியிருப்பேன். நாளைக்கு ரெண்டரை மணிக்கு வா, போவோம். காலையில ஒரு சுவர்க் கடிகாரம் குடுக்கணும்னு சொல்லியிருக்கேன்."

மறுநாள் விடியும் முன்பே வந்து பதினெட்டு வண்டிகளையும் கழுவி முடித்துவிட்டு, சூப்பிரண்டு வாயைத் திறக்கும் முன் கிளம்பினாள் வாளியக்கா. இரண்டு பெண்களும் பதிவாளர் அறைக்குள் நுழையும்போது மூன்று மணி.

பதிவாளர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, வாங்க, உட்காருங்க."

அந்த அம்மா உட்காரவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"என் பிள்ளை இருபத்தேழு வயசு இருந்தான். நீ அதை இருபத்தெட்டுங்கிற."

"புத்தகத்துல அப்படித்தான்மா..."

"காகிதத்துல முன்னாடி ஒரு வருஷம் சேக்கத் தெரியுதே, உனக்கு அவன் போன பிறகு ஒரு வருஷம் சேக்க முடியுமா? முடியும்னா சொல்லு. சிலையில நீ என்ன எழுதச் சொன்னாலும் எழுதறேன். நானே சுத்தியல் எடுத்துப் பொறிக்கிறேன்."

அறையில் இருந்த மற்ற எழுத்தர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். பதிவாளர் கைக்குட்டையை எடுத்தார், பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பைக்குள் வைத்தார். வாளியக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தன் காரியத்துக்காக இந்தத் தாயின் புண்ணைக் கிளறிவிட்டோமே என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் திரும்பிப் போகலாம் என்று தோன்றவில்லை. இவ்வளவு கிளறிய பிறகு வெறுங்கையோடு போவதுதான் பெரிய பாவம் என்று நினைத்தாள்.

"உங்க மகன் வரியை மட்டும் சரி பண்ணிடறேன்மா" என்றார் பதிவாளர். "நேர்ல வந்து தாய் சாட்சி சொன்னா அதுக்கு விதி இடம் குடுக்குது."

"இவளுக்கு?"

"இவங்க தாய் உயிரோட இல்ல. சாட்சி கிடையாது."

"நான் இருக்கேனே. என் கட்டிலுக்கும் அவ அம்மா கட்டிலுக்கும் நடுவுல ஒரு முக்காலிதான் இருந்துச்சு. என் பிள்ளை ஒம்போதுன்னா இவளும் ஒம்போது. எங்க எழுதணும்னு சொல்லு."

பதிவாளர் இரண்டு வாக்குமூலத் தாள்களை எடுத்தார். அப்போது வாளியக்கா குறுக்கே பேசினாள். பேசியிருக்கவே வேண்டாம். மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது, டிப்போவுக்கு அரைமணி நடை.

"சார், அந்த ரெண்டாவது ஜனவரியில இருந்து கடைசி வரைக்கும் முப்பத்தோரு பேர் இருக்காங்க. நான் எண்ணிட்டேன். நாங்க ரெண்டு பேர் ஒம்போதுன்னா மத்தவங்க எப்படி எட்டாவாங்க?"

"அதுக்கெல்லாம் தனித்தனியா..."

"தனித்தனியா வேணாம். டிசம்பர் முப்பதுக்கும் ஜனவரி ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போடுங்க. இதிலிருந்து 1909-ன்னு ஒரு வரி எழுதுங்க. அவ்வளவுதானே?"

பதிவாளர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடிகாரக்கார அம்மாவையும் பார்த்தார். பிறகு அளவுகோலை வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டார். அவள் சொன்ன அதே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமா இது என்று அவருக்கே ஆச்சரியம். முப்பத்தோரு பேருக்கு ஒரு வயது குறைந்தது, அதில் முப்பது பேருக்கு அது தெரியவே தெரியாது.

புதுச் சான்றிதழை எழுதி வாங்கும்போது மணி நாலே கால். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூட்ஸோடு ஓடினாள். நாலே முக்காலுக்கு சூப்பிரண்டின் மேசைக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினாள். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

"ஒரு வருஷத்துக்காக இவ்வளவு பாடுபட்டியா வாளியக்கா?"

"உங்களுக்கு ஒரு வருஷம். எனக்கு டிராம் சார்."

சோதனை அடுத்த வாரம் நடந்தது. ஆறு பெண்கள் வந்திருந்தார்கள், ஐந்து பேர் விசைப்பிடியைத் தொட்டதே அன்றைக்குத்தான். வாளியக்காவை ஏழாம் நம்பர் வண்டியில் ஏற்றினார்கள். "இதுல பிரேக் லேட்டாப் பிடிக்கும் சார், நான் திருப்பத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவேன், பயப்படாதீங்க" என்று பரிசோதகரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளப்பினாள். கொட்டகை வாசல் போயிற்று. நாற்பது கஜம் போயிற்று. பாலத்தின் மேல் ஏறும்போது அவளுக்குக் கண் கலங்கி முன்னால் தண்டவாளம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அடுத்த படிக்குத் தள்ளினாள். பரிசோதகர் கேட்ட இடத்தில், கேட்ட கோட்டில் நிறுத்தினாள். தேர்ச்சி என்று எழுதும்போது அவர், "எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார். "கழுவுற இடத்துல" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

போர் முடியும்வரைக்கும்தான் என்று சொல்லிச் சேர்த்தார்கள். முடிந்த பிறகும் அவளை இறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அவள் பதிவாளர் அறை பெஞ்சில் உட்கார்ந்த கதை டிப்போவுக்குள் பரவியிருந்தது. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

அடுத்த ஜனவரியில், அவள் பிறந்த நாளன்று, மத்தியான வண்டியில் கடிகாரக்கார அம்மா ஏறினார். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். ஆற்றுப் பக்கத்துக் கடைசி நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. வண்டி காலியானது. திரும்பிப் போக ஐந்து நிமிஷம் இருந்தது. ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே வந்து நின்று, "திரும்பு, மூஞ்சியக் காட்டு" என்றார்.

வாளியக்கா தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். அந்த அம்மா அவள் நெற்றியைப் பார்த்தார், கண்ணோரத்துச் சுருக்கத்தைப் பார்த்தார், காதோரத்தில் தொங்கிய முடியை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். கடிகாரத்துக்குள் பார்ப்பதுபோல அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"முப்பத்தாறுல இப்படித்தான் இருப்பாங்களா?" என்றார்.

அவர் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று வாளியக்காவுக்கு உடனே புரிந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டாள். அழுவதற்கு இது தன்னுடைய முறை இல்லை என்று நினைத்தாள்.

"ஆமாம்மா. காதோரம் ரெண்டு நரை வந்துடுச்சு. கிட்ட வச்சுப் படிச்சா எழுத்து கொஞ்சம் மங்கலாத் தெரியுது. குளிர்ல முட்டி வலிக்குது."

"அவன் சின்னதுல மாடியிலிருந்து குதிச்சான். வலது முட்டி."

"அப்போ கண்டிப்பா வலிச்சிருக்கும். எண்ணெய் தேய்ச்சு விடச் சொல்லி உங்க உயிரை எடுத்திருப்பாரு."

அந்த அம்மா சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கவில்லை. புறப்படும் நேரம் வந்துவிட்டது. அவர் திரும்பிப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"அடுத்த வருஷமும் வருவேன்" என்றார்.

"வாங்கம்மா" என்றாள் வாளியக்கா. "முப்பத்தேழு எப்படி இருக்குன்னு சொல்றேன்."